கிருஷ்ணகிரியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ: கிலோமீட்டர் 14,000, மணிக்கணக்கு வேறு

பெங்களூரு விமான நிலையத்துக்கும் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 13,990 கிலோமீட்டர். எந்த இணையதளத்தில் தேடினாலும் இதை ஒட்டித்தான் காட்டும். கூடவே "பயண நேரம் 16 மணி" என்று ஒரு வரியும் வரும். அந்த ஒரு வரியை நம்பிப் பெட்டி கட்டினால் கணக்குத் தப்பும். கிருஷ்ணகிரியில் வீட்டைப் பூட்டியதிலிருந்து அங்கே பிள்ளையின் வீட்டுக்குள் கால் வைக்கும் வரை 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் வானத்தில் கழிவது 20 மணிதான். மீதி நேரம் ரோட்டிலும், வரிசையிலும், நடுவழி விமான நிலையத்து நாற்காலியிலும் போகிறது. டிக்கெட் எடுக்கும்போது பார்க்க வேண்டியது இந்த மீதியைத்தான்.

முதலில் அந்த 13,990 எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். உலக உருண்டையின் மேல் இரண்டு ஊர்களை ஒரு நூலால் இழுத்துப் பிடித்தால் நூல் எந்த வழியில் படிகிறதோ, அதுதான் மிகக் குறுகிய பாதை. தட்டையான வரைபடத்தில் பார்த்தால் பெங்களூரிலிருந்து கிழக்கே பசிபிக் கடலைத் தாண்டியோ, மேற்கே ஐரோப்பாவைத் தாண்டியோ போவதுதான் வழி என்று தோன்றும். நூலைப் பிடித்தால் வேறு கதை. அது பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியிலிருந்து கிட்டத்தட்ட வடக்கே கிளம்பி, நேபாளம், திபெத், மங்கோலியாவின் மேற்குப் பகுதி, பைக்கால் ஏரிக்கு வடக்கே சைபீரியா என்று ஏறி, 71 டிகிரி வட அட்சத்தில் ஆர்க்டிக் கடலைத் தொட்டு, அலாஸ்கா வழியாகக் கலிபோர்னியாவுக்கு இறங்குகிறது.

இந்தப் பாதையில் விமானம் அப்படியே பறப்பதில்லை. திபெத்தின் சராசரி உயரமே 4,500 மீட்டருக்குப் பக்கம். நடுவானில் கேபினுக்குள் காற்றழுத்தம் குறைந்துபோனால் விமானம் உடனே 3,000 மீட்டர் அளவுக்கு இறங்கியாக வேண்டும். திபெத்துக்கு மேல் அந்த உயரத்தில் காற்று இல்லை, மலை இருக்கிறது. அதனால் பெரும்பாலான விமானங்கள் அந்தப் பீடபூமியைச் சுற்றியே போகும். ஆகவே இணையதளம் காட்டும் தூரம், "இதைவிடக் குறைவாகப் போக முடியாது" என்கிற கீழ் எல்லை மட்டும்தான். உண்மையில் பறக்கும் தூரம் அதைவிடச் சில நூறு கிலோமீட்டர், சில நாள் ஆயிரத்துக்கு மேலும் கூடும்.

ஒரு தளத்துக்கும் இன்னொரு தளத்துக்கும் எண் கொஞ்சம் மாறினால் குழம்ப வேண்டாம். பூமியை முழு உருண்டையாக வைத்துக் கணக்கிட்டால் ஓர் எண், துருவத்தில் தட்டையானதாக வைத்தால் இன்னோர் எண். வித்தியாசம் அரை சதவீதத்துக்குள்தான் இருக்கும். பெரிய வித்தியாசம் தெரிந்தால் அலகைப் பாருங்கள். இதே தூரம் மைலில் 8,690, கடல் மைலில் 7,550. ஒரு மைல் 1.609 கிலோமீட்டர், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். விமானத் துறை கடல் மைலில் பேசும். அதைச் சாதாரண மைல் என்று நினைத்துப் பெருக்கினால் விடையில் ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் காணாமல் போய்விடும்.

தூரத்திலிருந்து நேரத்தைக் கணிக்க ஒரு கைக்கணக்கு போதும். கிலோமீட்டரை 850-ஆல் வகுத்து, முக்கால் மணி நேரம் கூட்டுங்கள். பெரிய விமானங்கள் மேலே போனபின் மணிக்கு 900 கிலோமீட்டர் வரை போகும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, பாதையும் வளையும், ஓடுதளத்துக்கு ஊர்ந்து போகும் நேரமும் உண்டு. டிக்கெட்டில் போடும் நேரம், விமானம் நின்ற இடத்திலிருந்து நகர்வது முதல் அங்கே போய் நிற்பது வரை. பெங்களூரு–துபாய் 2,695 கிலோமீட்டர்: கணக்கில் 3 மணி 55 நிமிடம், அட்டவணையில் ஏறத்தாழ 4 மணி. துபாய்–சான் பிரான்சிஸ்கோ 13,020: கணக்கில் 16 மணி, அட்டவணையும் அதை ஒட்டியே வரும். பிராங்க்பர்ட்–சான் பிரான்சிஸ்கோ 9,150: பதினொன்றரை மணி.

இந்தக் கணக்கைக் குலைப்பது காற்று. 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், விமானம் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. மணிக்கு 150, 200 கிலோமீட்டர் வேகம் அதற்குச் சாதாரணம். குளிர்காலத்தில் இன்னும் வலுக்கும். சிங்கப்பூர்–சான் பிரான்சிஸ்கோ 13,590 கிலோமீட்டர். கிழக்கே போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், சுமார் 15 மணி. திரும்பும்போது முகத்தில் மோதும், சுமார் 17 மணி. தொப்பூர் கணவாயில் சுமை லாரி இறங்குவதற்கும் ஏறுவதற்கும் ஆகும் நேரம் எப்படி வேறோ, அப்படித்தான், தூரம் ஒன்றுதான். அதனால் "போக எத்தனை மணி" என்று கேட்டு, அதையே திரும்பவும் வைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு திசைக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

2021 ஜனவரி 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பிய ஏர் இந்தியா விமானம், வட துருவத்துக்கு மேலாகப் பறந்து 11-ஆம் தேதி விடியற்காலையில் பெங்களூரில் இறங்கியது நினைவிருக்கலாம். போயிங் 777-200எல்ஆர் ரகம். கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் விமானிகள் எல்லோரும் பெண்கள். குறுகிய பாதை 71 டிகிரியோடு திரும்பிவிடும் என்றால் துருவம் வரை ஏறுவானேன்? எதிர்காற்றின் வலுவான பகுதியைச் சுற்றிப் போவதற்குத்தான். கிலோமீட்டர் கூடினாலும் எரிபொருளும் நேரமும் மிச்சமாகும் நாள்கள் உண்டு. ஒவ்வொரு நாளும் கிளம்பும் முன் காற்று வரைபடத்தைப் பார்த்துத்தான் பாதை போடுகிறார்கள். நேரடி விமானம் கிடைக்கிறதா என்பது பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. நீண்ட தூர நேரடிச் சேவைகளை நிறுவனங்கள் தொடங்குவதும் நிறுத்துவதும் வழக்கம். போன வருஷம் பக்கத்து வீட்டார் போன விமானம் இந்த வருஷமும் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

அடுத்தது, மூடிய வானம். 2022 பிப்ரவரிக்குப் பிறகு ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி கிடையாது. ஹெல்சிங்கி–டோக்கியோ விமானம் ஒன்பது மணி சொச்சத்திலிருந்து 13 மணியாக நீண்டது இதனால்தான். 2025 ஏப்ரல் இறுதியில் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் வான்வெளி மூடப்பட்டது. டெல்லியிலிருந்து மேற்கே போகிறவர்களுக்கு அது பெரிய அடி. பெங்களூரிலிருந்து அரபிக்கடல் வழியாகப் போகிறவர்களை அந்த அளவுக்குப் பாதிக்கவில்லை. வளைகுடா வழியும் எப்போதும் நிம்மதி இல்லை. 2025 ஜூன் 23 இரவு கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியபோது வானத்திலிருந்த விமானங்கள் எங்கெங்கோ திருப்பப்பட்டன. இதற்கெல்லாம் நாம் செய்யக்கூடியது ஒன்றுதான்: முழுப் பயணத்தையும் ஒரே பதிவெண்ணில் எடுப்பது. தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுத்தால் பத்தாயிரம் ரூபாய் மிச்சமாகலாம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், அந்த நிறுவனம் உங்களை "வராதவர்" என்று எழுதிக்கொள்ளும். பெட்டியையும் நடுவில் எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய விசா வேண்டியிருக்கும். வயதான அப்பா அம்மாவை அனுப்புகிறவர்கள் இந்த மிச்சத்தின் பக்கமே போகக் கூடாது என்பது எங்கள் கருத்து.

எந்த ஊர் வழியாகப் போவது? துபாய் வழி மொத்தம் 15,715 கிலோமீட்டர். பிராங்க்பர்ட் வழி 16,550. சிங்கப்பூர் வழி 16,770. டோக்கியோ நரிட்டா வழி 14,920 மட்டுமே. குறுகிய பாதையைவிட 930 கிலோமீட்டர்தான் கூடுதல், போகும்போது காற்றும் பின்னால். கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் டோக்கியோதான் ஜெயிக்கும். ஆனால் 1,000 கிலோமீட்டர் வித்தியாசம் வானத்தில் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். நடுவே காத்திருப்பு 2 மணியா 9 மணியா என்பதுதான் மொத்த நேரத்தை முடிவு செய்கிறது. டோக்கியோ வழியில் ஒன்பது மணி உட்கார வேண்டியிருந்தால், சிங்கப்பூர் வழி முந்திவிடும்.

வயதானவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 4 + 16 என்று பிரியும் துபாய் வழியைவிட, 10 + 11½ என்று பிரியும் பிராங்க்பர்ட் வழி முழங்காலுக்கு நல்லது, மொத்தம் கூடினாலும். 16 மணி ஒரே இருக்கையில் என்றால் கால் வீங்கும். இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க நடைபாதை ஓர இருக்கை வேண்டும். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். நடந்தே போகக்கூடியவர்களும் கேட்கலாம், கூச்சம் வேண்டாம். முனையம் மாற வழி தெரியாமல் திண்டாடுவதை அது தவிர்க்கும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைக் கடிகார மணிப்படி அல்லாமல், கடைசியாகப் போட்டதிலிருந்து எத்தனை மணி ஆயிற்று என்று பார்த்துப் போட வேண்டியிருக்கும். இன்சுலின் போடுகிறவர்கள் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் பயண நேரத்தைக் காட்டி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

காத்திருப்பு இரண்டரை முதல் நான்கு மணி என்றால் சரியான அளவு. நிறுவனமே ஒன்றேகால் மணி இடைவெளியில் டிக்கெட் விற்கும். அது அவர்கள் விதிப்படி சரிதான். பெங்களூரில் குளிர்கால விடியலில் பனிமூட்டம் விழுந்தால் முதல் விமானமே ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். டிசம்பர், ஜனவரியில் அதிகாலை நான்கிலிருந்து எட்டு மணிக்குள் கிளம்பும் விமானம் என்றால் அடுத்த இணைப்புக்கு மூன்று மணியாவது விடுங்கள்.

இனி ரோடு. கிருஷ்ணகிரிக்கும் தேவனஹள்ளி விமான நிலையத்துக்கும் காகம் பறக்கும் தூரம் 92 கிலோமீட்டர்தான். ரோட்டில் 130-க்குக் குறையாது. தர்மபுரியிலிருந்து வானவழியில் 129, ரோட்டில் 175 பக்கம். விமான நிலையம் பெங்களூருக்கு வடக்கே. நாம் நுழைவது தெற்கே. ஊரைக் குறுக்கே கடந்தாக வேண்டும் என்பதுதான் வம்பு. ஓசூர், அத்திப்பள்ளி வரை சிக்கலில்லை. எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து மேம்பாலம் ஏறிச் சில்க் போர்டு சந்திப்பில் இறங்கினால், அங்கிருந்து நகரின் வடக்கே ஹெப்பால் தாண்டும் வரை எவராலும் நேரம் சொல்ல முடியாது. இரவு பதினொரு மணிக்கு மேல் முழு வழியும் மூன்று மணியில் முடியும். அதையே மாலை ஆறு மணிக்குச் செய்தால் நாலரை, ஐந்து.

ஞாயிறு இரவும் திங்கள் விடியலும் மோசம். ஊருக்கு வந்துபோகிறவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில்தான் பெங்களூருக்குத் திரும்புவார்கள். அத்திப்பள்ளி சுங்கச்சாவடியிலேயே வண்டி நிற்கும். பொங்கல், தீபாவளி விடுமுறை முடியும் நாளும் அப்படியே. அந்த நாள்களில் ஓசூருக்கு அப்பால் நகரத்துக்குள் போகாமல் சர்ஜாபூர், ஒசகோட்டை வழியாகத் தேவனஹள்ளிக்குச் சுற்றிப்போகலாம். கிலோமீட்டரில் பெரிய லாபம் இல்லை. சில இடங்களில் ரோடு குறுகல். ஆனால் நேரம் ஓரளவு நம்பும்படி இருக்கும். விமானத்துக்குப் போகிறவருக்கு வேகத்தைவிட அதுதான் முக்கியம். வாடகைக் கார் என்றால் அகில இந்திய பர்மிட் உள்ள வண்டியா, ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். எல்லையில் பர்மிட்டுக்காக நிற்பது பெரும்பாலும் நள்ளிரவில்தான் நடக்கும்.

பேருந்தில் போகிறவர்கள் எலக்ட்ரானிக் சிட்டியிலோ சில்க் போர்டிலோ இறங்கி விமான நிலையம் போகும் வாயு வஜ்ரா பேருந்து பிடிக்கலாம். கைப்பை மட்டும் இருந்தால் நல்ல வழி. 23 கிலோ பெட்டி இரண்டோடு என்றால் வேண்டாம்.

சென்னை வழியையும் தள்ளிவிட வேண்டியதில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து வாணியம்பாடி, வேலூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாக மீனம்பாக்கம் சுமார் 250 கிலோமீட்டர், ஐந்து மணி. தூரம் இரட்டிப்பு; ஆனால் விமான நிலையம் நகரத்துக்கு இந்தப் பக்கமே இருப்பதால் ஊரைக் கடக்க வேண்டியதில்லை. பர்கூர், ஊத்தங்கரைக்காரர்கள் டிக்கெட் விலையை இரண்டு ஊருக்கும் பார்ப்பது நல்லது.

ஓசூரிலேயே விமான நிலையம் வந்துவிட்டால் இந்தத் தலைவலி தீரும். ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும்படி 2,000 ஏக்கரில் அமைக்கப்போவதாகத் தமிழக அரசு 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தது. குறுக்கே நிற்பது பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தம்: 150 கிலோமீட்டர் தூரத்துக்குள் 2033 வரை புதிய விமான நிலையம் வரக் கூடாது என்கிறது அது. அதுவரை சில்க் போர்டுதான் நம் விதி.

நாள், மணிக் குழப்பத்துக்கு வருவோம். வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே கிளம்புகின்றன. டிக்கெட்டில் "15-ஆம் தேதி 04.30" என்று இருந்தால் நீங்கள் வீட்டிலிருந்து கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி இரவு. 15-ஆம் தேதி இரவு கிளம்பி வந்து கவுன்டரில் நிற்கிற குடும்பங்கள் இன்றும் உண்டு.

சான் பிரான்சிஸ்கோ நம்மைவிடக் கோடையில் பன்னிரண்டரை மணியும், குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணியும் பின்தங்கி இருக்கிறது. மார்ச் இரண்டாம் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். டிக்கெட்டில் எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஜூலையில் ஒரு செவ்வாய் விடியற்காலை 4.30-க்குப் பெங்களூரில் கிளம்பினால், துபாயில் அந்த ஊர் நேரப்படி 7 மணிக்கு இறங்கலாம்; நமக்கு அப்போது 8.30. இரண்டு மணி கழித்து 9-க்குக் கிளம்பும் விமானம் 15 மணி 50 நிமிடம் பறந்து, அதே செவ்வாய் பிற்பகல் 1.50-க்குச் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கும். கடிகாரத்தைப் பார்த்தால் 9 மணி 20 நிமிடம்தான் ஆனது போலிருக்கும். பன்னிரண்டரையைக் கூட்டினால் 21 மணி 50 நிமிடம். இதற்கு முன்னால், கிருஷ்ணகிரியில் திங்கள் இரவு 9.30-க்குக் கிளம்பியது முதல் ஏழு மணி. பின்னால் குடியேற்றம், பெட்டி, அங்கிருந்து ஃப்ரீமான்ட் அல்லது சன்னிவேல் வரை கார் என்று இரண்டரை மணி. ஆக 31 மணி 20 நிமிடம். தர்மபுரிக்காரர்கள் ஒரு மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் எந்த ஊரில் முதலில் இறங்குகிறீர்களோ அங்கேதான் குடியேற்றச் சோதனை. அதற்குப் பிறகு உள்ளூர் விமானம் பிடிக்க வேண்டியிருந்தால், பெட்டியை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். பெட்டியில் கடைசி ஊர் வரை சீட்டு ஒட்டியிருந்தாலும் இதுதான் பொது விதி. மூன்று மணி இடைவெளி இல்லாமல் அந்த இணைப்பை எடுக்கக் கூடாது. நியூயார்க், சிகாகோ போகிறவர்களுக்கு அபுதாபி வழியில் ஒரு வசதி: அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை அங்கேயே முடித்துவிடுவார்கள், இறங்கியபின் வெளியே நடந்துவிடலாம்.

நம் மாவட்டத்துக்காரர்கள் மாட்டிக்கொள்வது மாம்பழத்தில். பையில் எடுத்துப் போகும் மாம்பழத்தை, அது கிருஷ்ணகிரி மல்கோவாவாகவே இருந்தாலும், அமெரிக்கச் சுங்கம் பறித்துவிடும். கதிர்வீச்சுப் பதனம் செய்து வணிக முறையில் அனுப்பியது மட்டுமே அங்கே நுழையலாம். சொல்லாமல் மறைத்தால் அபராதமும் உண்டு. டப்பாவில் அடைத்த மாம்பழக்கூழ் போகலாம். பெரிய பெட்டிக்குள் வைத்து, படிவத்திலோ வாய்மொழியாகவோ உணவுப்பொருள் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். கைப்பையில் கூழும் ஊறுகாயும் 100 மில்லிக்கு மேல் இருந்தால் பெங்களூரிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள்.

திரும்பும்போது கணக்கு தலைகீழ். செவ்வாய் மாலை 4 மணிக்குச் சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பினால் பெங்களூரில் இறங்குவது வியாழன் விடியல் 3 மணி வாக்கில். புதன் என்ற நாள் வானத்திலேயே போய்விடும். பயண நேரம் இருபத்திரண்டரை மணிதான். அழைத்துப்போக வரும் கார்க்காரருக்குக் கிளம்பும் தேதியைச் சொல்லாமல், இறங்கும் கிழமையையும் விமான எண்ணையும் எழுதி அனுப்புங்கள். எண் இருந்தால் தாமதத்தை அவரே கைப்பேசியில் பார்த்துக்கொள்வார். 3 மணிக்கு இறங்கினால் வெளியே வர 4.15 ஆகும், ஹெப்பாலும் சில்க் போர்டும் அப்போது காலியாக இருக்கும், ஏழரைக்குக் கிருஷ்ணகிரி. 7 மணிக்கு மேல் இறங்கும் விமானம் என்றால் அலுவலக நெரிசலுக்குள் நுழைய வேண்டாம்; விமான நிலையத்திலேயே சிற்றுண்டி முடித்து, பத்தரைக்கு மேல் கிளம்பலாம். ஓட்டுநர் முந்தைய இரவு தூங்கினாரா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். விடியற்காலையில் சூளகிரி பக்கம் லாரிகள் ஓரமாக நிற்கும் நேரம் அது.